ஒட்டுறவுப் பகுப்பாய்வு: வயலிலும் ஆலையிலும்

ஒட்டுறவுப் பகுப்பாய்வு என்பது இரண்டு அளவைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கூடிக் குறைவதை ஓர் எண்ணால் சொல்லும் புள்ளியியல் முறை. அந்த எண்ணை ஒட்டுறவுக் கெழு என்கிறோம். ஒன்று கூடக்கூட மற்றதும் பிசகாமல் நேர்கோட்டில் கூடினால் கெழு +1. ஒன்று கூட மற்றது அதேபோல் குறைந்தால் −1. நேர்கோட்டுத் தொடர்பே இல்லையென்றால் 0. ஒவ்வோர் இணையிலும் இரு அளவைகளும் தத்தம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்து, அந்த விலகல்களைப் பெருக்கி, பெருக்கற்பலன்களின் சராசரியை இரு திட்டவிலக்கங்களாலும் வகுத்தால் கெழு கிடைத்துவிடும். மண் பரிசோதனை, பயிர் இனப்பெருக்கம், பருவமழை முன்னறிவிப்பு, நூற்பாலை, கான்கிரீட் சோதனை என இது புழங்காத துறை அரிது. கணக்கிடும் முறை பத்தாண்டுக்குள் உருவாகிவிட்டது. கிடைத்த கெழுவை எப்போது நம்பலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் பின்னும் பல பத்தாண்டுகள் ஆயின. விளைச்சலையும் பணத்தையும் பணயம் வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்தவர்கள் அந்த வேலையில் முன்னின்றார்கள். அதனால் இந்த வரலாற்றில் வயலுக்கும் ஆலைக்கும் தனி இடம் உண்டு.

தோற்றம்

கருத்தைத் தொடங்கிவைத்தவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். அவர் ஆராய வந்தது மனிதரின் மரபுவழிப் பண்புகளை. முதல் சான்று கிடைத்ததோ ஒரு செடியில். 1875இல் ஸ்வீட் பீ என்னும் பூச்செடியின் விதைகளை அளவுவாரியாகப் பிரித்து, நண்பர்களிடம் கொடுத்து வளர்க்கச் சொன்னார். பெரிய விதையின் வாரிசுகள் சராசரியைவிடப் பெரிதாகவே இருந்தன, ஆனால் தாய் விதை அளவுக்கு இல்லை. சிறிய விதையின் வாரிசுகளும் அதேபோல் சராசரியை நோக்கி நகர்ந்திருந்தன. 1888 டிசம்பரில் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்ட கட்டுரையில் அவர் ஒட்டுறவை எண்ணாக அளந்து காட்டினார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளத்துக்கும் ஆளின் உயரத்துக்கும் அவர் கண்ட கெழு 0.8. விலங்கியலர் வெல்டன் இறால், நண்டு ஆகியவற்றின் உடலுறுப்புகளை அளந்து இதை மேலும் பரப்பினார். 1896இல் கணிதவியலர் கார்ல் பியர்சன் இன்றும் நாம் பயன்படுத்தும் பெருக்கல் வாய்பாட்டை நிலைநிறுத்தினார். அத்தகைய பெருக்கல் உறுப்பு, பிரான்சின் பிராவே 1846இல் எழுதிய பிழைக்கோட்பாட்டுக் கட்டுரையிலேயே இருக்கிறது. அதை ஓர் உறவின் அளவாக அவர் பார்க்கவில்லை.

கால்டனும் பியர்சனும் மனிதரைத் தரம் பிரிக்கும் இனமேம்பாட்டுக் கொள்கையில் ஊறியவர்கள். அந்த நோக்கம் தீங்கானது. கருவி அதிலிருந்து விடுபட்டு வேறு கைகளுக்குப் போனதே அறிவியலுக்குக் கிடைத்த நன்மை.

பியர்சனே 1897இல் ஒரு பொறியைச் சுட்டிக்காட்டினார். தொடர்பில்லாத இரண்டு அளவைகளை ஒரே மூன்றாம் அளவையால் வகுத்தால், கிடைக்கும் விகிதங்களுக்கிடையே பொய்யான ஒட்டுறவு முளைத்துவிடும். ஏக்கருக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று எல்லாவற்றையும் வகுத்துப் பார்க்கும் வேளாண் ஆய்வில் இந்த எச்சரிக்கைக்கு இன்றும் வேலை இருக்கிறது. ஸ்பியர்மன் 1904இல் தந்த தர ஒட்டுறவு, அளவுகோலால் அளக்க முடியாதவற்றுக்கு வழி திறந்தது. நோய்த் தாக்கத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் வயலாய்வுக்கும், சுவை பார்த்து வரிசைப்படுத்தும் உணவுத்துறைக்கும் அது பொருந்தியது.

உலர்புல்லும் வசந்தகால வெப்பமும்

வேளாண்மைக்கு இந்த முறையைக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் ரெஜினால்ட் ஹூக்கர். புகழ்பெற்ற தாவரவியலர் ஜோசப் டால்டன் ஹூக்கரின் மகன். கிழக்கு இங்கிலாந்தின் வானிலையையும் விளைச்சலையும் பல பயிர்களுக்கு ஒப்பிட்டு 1907இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய நண்பரும் புள்ளியியலருமான உட்னி யூல் தம் பாடநூலில் இதிலிருந்து ஒரு கணக்கை எடுத்தாண்டிருக்கிறார். நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மாணவருக்குக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

அளவைகள் மூன்று: உலர்புல் விளைச்சல், வசந்தகால மழை, அதே பருவத்தில் 42 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சேர்ந்த மொத்த வெப்பம். விளைச்சலுக்கும் மழைக்கும் கெழு +0.80. விளைச்சலுக்கும் வெப்பத்துக்கும் −0.40. இதோடு நிறுத்தியிருந்தால், வசந்தத்தில் வெயில் கூடினால் புல் கெட்டுப்போகும் என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆனால் மழைக்கும் வெப்பத்துக்கும் இடையிலான கெழு −0.56. வெப்பமான வசந்தம் பெரும்பாலும் மழை குறைந்த வசந்தமாகவும் இருந்திருக்கிறது. மழையின் பங்கைக் கழித்துவிட்டுப் பகுதி ஒட்டுறவைக் கணக்கிட்டதும், வெப்பத்துக்கும் விளைச்சலுக்கும் இடையே இருந்த −0.40 மறைந்து +0.097 ஆனது, அதாவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. வெப்பத்தைக் கழித்த பின்னும் மழையின் கெழு 0.759இல் நின்றது. புல்லைக் கெடுத்தது மழைக்குறைவு. பழி விழவிருந்தது வெயிலின்மேல்.

சிறு கூறுகளின் சிக்கல்

பியர்சனின் கணக்குகள் ஆயிரக்கணக்கான அளவீடுகளை நம்பியவை. வயலிலும் ஆலையிலும் அவ்வளவு கிடைக்காது. டப்ளினின் கின்னஸ் பீர் ஆலையில் 1899இல் சேர்ந்த வில்லியம் கோசெட் பார்லி, ஹாப் பூ, மால்ட் ஆகியவற்றின் சோதனை முடிவுகளோடு மல்லுக்கட்டியவர். அவருக்கு வாய்த்தவை சிறு சோதனைகள், சில எண்கள். 1906–07இல் லண்டனில் பியர்சனின் ஆய்வகத்தில் தங்கிப் பயின்றார். 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 கூறுகளுக்குக் கெழு கண்டார். ஆலை தன் ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத அனுமதிக்காததால் 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் முடிவுகளை வெளியிட்டார்.

அவர் கண்டது வியப்பானது. உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு அளவைகளிலிருந்து நான்கே இணைகளை எடுத்தால், −1 முதல் +1 வரை எந்த விடையும் சம வாய்ப்புடன் வரும். 0.8ஐத் தாண்டும் கெழு, கூட்டலாகவோ கழித்தலாகவோ, ஐந்தில் ஒரு தடவை தற்செயலாகவே தோன்றும். நான்கு பாத்திகளின் விளைச்சலை வைத்துக்கொண்டு 0.8 என்று யாராவது மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சிக்கு அடிப்படை அவ்வளவுதான். கோசெட் ஊகித்ததை 1915இல் புள்ளியியலர் ரொனால்ட் ஃபிஷர் கணித முறையில் நிறுவினார்.

ஃபிஷர் 1919இல் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்துக்கு வந்தார். 1843 முதல் தொடர்ந்து கோதுமை விளையும் பிராட்பால்க் வயலின் பதிவேடுகள் அங்கே காத்திருந்தன. கோதுமை விளைச்சலில் மழையின் விளைவைப் பற்றி 1924இல் அவர் எழுதிய கட்டுரை, அதுவரை நடந்த வானிலை–விளைச்சல் ஆய்வுகள் பலவற்றுக்கு ஒரு கண்டனமும்கூட. இந்த மாத மழை, அந்த மாத வெப்பம் என்று ஏராளமான கெழுக்களைக் கணக்கிட்டு, அவற்றில் பெரியதைப் பொறுக்கி எடுத்துக் காட்டுவது ஏமாற்றும் வழி என்று அவர் விளக்கினார். ஆண்டின் மழையை ஆறு ஆறு நாள்களாகப் பிரித்து, அதன் பரவலை ஒரு வளைகோடாகவே எடுத்துக்கொண்டு ஒட்டுமொத்த விளைவைச் சோதித்தார். அடுத்த ஆண்டே வந்த அவருடைய ஆய்வாளர்களுக்கான கையேடு, எத்தனை இணைகளுக்கு எவ்வளவு கெழு வந்தால் பொருட்படுத்தலாம் என்ற அட்டவணையை உலகெங்கும் உள்ள வேளாண் நிலையங்களின் மேசைக்குக் கொண்டு சேர்த்தது.

சோளக் கதிரின் அழகு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அப்போது மக்காச்சோளக் கண்காட்சிகள் மிகுந்த செல்வாக்கோடு இருந்தன. ஒரே சீரான, நிறைந்த, அழகிய கதிருக்குப் பரிசு. அந்தக் கதிரே அடுத்த ஆண்டின் விதை. பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவரான ஹென்றி வாலஸ், பதின்ம வயதிலேயே பரிசுக் கதிர்களையும் அழகற்ற கதிர்களையும் பயிரிட்டுப் பார்த்து, அழகுக்கும் விளைச்சலுக்கும் தொடர்பில்லை என்று கண்டவர். 1923இல் நடுவர்கள் எந்தெந்தக் கூறுகளுக்கு எவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்பதை ஒட்டுறவு முறையிலேயே ஆராய்ந்து எழுதினார். 1925இல் புள்ளியியலர் ஸ்னெடெக்கருடன் சேர்ந்து, கணக்குப் பொறிகளால் ஒட்டுறவைக் கணிப்பது எப்படி என்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். அழகுக்காக விதை பொறுக்கும் வழக்கம் அமெரிக்காவில் ஓய்ந்ததில் இந்தப் பணிக்கும் பங்குண்டு.

அதே காலத்தில் அமெரிக்க வேளாண் துறையில் கினிப் பன்றிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சீவல் ரைட், ஒரு கெழுவுக்குள் கலந்திருக்கும் நேர் விளைவையும் சுற்றிவரும் விளைவையும் பிரிக்கும் பாதைக் கெழு முறையை 1921இல் முன்வைத்தார். காரணம் எதுவென்று கெழு சொல்லாது. ஆய்வாளரே முதலில் காரணப் படத்தை வரைந்துகொள்ள வேண்டும் என்பது அவர் நிபந்தனை. ட்யூயியும் லூவும் 1959இல் ஒரு தீவனப்புல்லின் விதை விளைச்சலுக்கு இதைப் பயன்படுத்திய பிறகு பயிர் இனப்பெருக்கத்தில் இது பரவலானது. இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களின் முதுகலை ஆய்வேடுகளில் இன்று இது ஏறக்குறைய கட்டாய அத்தியாயம். நெல்லை எடுத்துக்கொண்டால், தூர் கூடினால் கதிர் கூடும், கதிர் கூடினால் விளைச்சல் கூடும். ஆனால் தூர் பெருகிய குத்தில் ஒரு கதிருக்கான மணிகள் குறைகின்றன. மொத்தக் கெழு மட்டும் பார்த்தால் இந்த இழுபறி தெரியாது. பாதைக் கெழு இரண்டையும் தனித்தனியே காட்டும். ரைட்டின் நிபந்தனையை மறந்து, படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் அட்டவணையை மட்டும் நிரப்பும் ஆய்வேடுகள் நிறைய வருவது வருத்தத்துக்குரியது.

பருவமழையும் மண்ணும்

1899இல் பருவமழை பொய்த்து இந்தியாவில் கொடும்பஞ்சம் வந்தது. அரசின் முன்னறிவிப்பு அதைக் காணத் தவறியிருந்தது. 1904இல் வானிலைத் துறையின் தலைவரான கேம்பிரிட்ஜ் கணிதவியலர் கில்பர்ட் வாக்கர், உலகெங்கும் உள்ள நிலையங்களின் காற்றழுத்தம், மழை, வெப்பம் ஆகியவற்றை இந்திய மழையோடு ஒப்பிட்டார். கணிப்பொறி இல்லாத காலம். அலுவலகத்தின் இந்திய ஊழியர்கள் அத்தனை கெழுக்களையும் கையால் கணக்கிட்டார்கள். பசிபிக் பகுதியில் அழுத்தம் கூடும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் குறைகிறது என்ற தென் அலைவு 1920களில் இப்படித்தான் வெளிப்பட்டது. நூறு காரணிகளைச் சோதித்தால் அவற்றில் மிகப் பெரிய கெழு தற்செயலாகவே பெரியதாக இருக்கும் என்று வாக்கரும் 1914இலேயே எச்சரித்திருந்தார். இருந்தும் அவர் தேர்ந்த காரணிகளில் பல பின்னாளில் வலுவிழந்தன. தென் அலைவு மட்டும் நின்றது. 1960களில் வானிலையியலர் பியர்க்னெஸ் அதை, பசிபிக் கடல்பரப்பு வெப்பமாகும் எல் நினோவோடு இணைத்து, உறவுக்குப் பின்னால் உள்ள கடல்–காற்று இயக்கத்தை விளக்கினார். தமிழகத்துக்கு இதில் ஒரு தனிச்செய்தி உண்டு. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறையும் போக்கு இருக்க, தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வாழ்வளிக்கும் வடகிழக்குப் பருவமழை கூடும் போக்கே காணப்படுகிறது. நாடு முழுவதற்குமான ஒரே கெழுவை வைத்துக் காவிரிப் படுகைக்குத் திட்டமிட முடியாது.

மண் பரிசோதனையின் அடிப்படையே ஒட்டுறவுதான். மண்ணில் உள்ள தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து முழுவதும் பயிருக்குக் கிடைப்பதில்லை. பல வேதிக் கரைசல்களால் பிரித்தெடுத்துப் பார்த்து, எதன் அளவு பயிரின் உண்மையான எடுப்போடு நன்றாக ஒத்துப்போகிறதோ அதைத்தான் பரிசோதனை முறையாகத் தேர்கிறார்கள். 1967–68இல் தொடங்கிய, பி. ராமமூர்த்தியின் அணுகுமுறையைப் பின்பற்றும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மண் ஆய்வு–பயிர் விளைச்சல் ஒட்டுறவுத் திட்டம் ஒரு படி மேலே போனது. வெவ்வேறு ஊர் மண்ணை ஒப்பிட்டால் மழையும் பராமரிப்பும் குறுக்கே வரும். எனவே ஒரே வயலைப் பட்டைகளாகப் பிரித்து, உரமில்லாமல், வழக்கமான அளவில், இரட்டிப்பாக என வெவ்வேறு அளவில் உரமிட்டு, ஒரு தீவனப் பயிரை வளர்த்து அறுத்துவிடுவார்கள். அதனால் ஒரே இடத்தில், ஒரே வானிலையில், சத்து ஏற்றத்தாழ்வு உருவாகிவிடும். பிறகுதான் சோதனைப் பயிர். குறித்த விளைச்சல் இலக்குக்கு எவ்வளவு உரம் என்ற சமன்பாடுகள் இதிலிருந்து கிடைக்கின்றன. கோயம்புத்தூரின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதன் மையங்களுள் ஒன்று.

ஆலையிலும் கட்டடத்திலும்

பம்பாய் மாதுங்காவில் 1924இல் தொடங்கிய பருத்தித் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஏ. ஜே. டர்னரும் அவருடைய குழுவினரும் இழையின் நீளம், நுண்மை ஆகியவற்றிலிருந்து ஒரு பருத்தியை எவ்வளவு உயர்ந்த கவுண்ட் (நூலின் மென்மையைக் குறிக்கும் எண்) வரை நூற்கலாம் என்று முன்கூட்டிச் சொல்லும் வழிகளை ஆராய்ந்தார்கள். மூட்டையை மில்லில் ஓட்டிப் பார்ப்பதைவிட ஒரு பிடி பஞ்சை அளப்பது மலிவு. இங்கே மில்காரர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. ஒரே தரப் பருத்தியை மட்டும் வாங்கும் மில்லில் இழை நீளத்துக்கும் நூல் வலிமைக்கும் கெழு மிகக் குறைவாகவே வரும். நீளம் முக்கியமல்ல என்று இதற்குப் பொருளில்லை. நீளம் மாறவே இல்லை என்றால் அதன் விளைவு எங்கிருந்து தெரியும்?

கட்டடத்துறையில் சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1948இல் உருவாக்கிய ரீபவுண்ட் ஹேமர் முழுக்க ஒட்டுறவை நம்பிய கருவி. சுருள்வில் தள்ளும் எடை கான்கிரீட்டில் மோதி எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பதே அதன் அளவீடு. கியூப்களில் முதலில் ஹேமரால் தட்டி, பிறகு அவற்றை நசுக்கி, இரண்டு எண்களையும் இணைத்துக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பழைய கட்டடத்தில் காற்றின் கரியமிலவாயு மேற்பரப்பைக் கடினமாக்கியிருக்கும். உள்ளே வலு இல்லாவிட்டாலும் ஹேமர் உயர்ந்த எண் காட்டும். 1992ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயமே இம்முறையில் கணிக்கும் வலிமை 25 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்றது.

கால வரிசையில் செல்லும் தரவுகள் தனி ஆபத்து. 1926இல் யூல், இங்கிலாந்தில் தேவாலயத் திருமணங்களின் விகிதத்துக்கும் இறப்பு விகிதத்துக்கும் 1866 முதல் 1911 வரை 0.95 கெழு வருவதைக் காட்டினார். இரண்டும் தத்தம் வழியில் குறைந்துகொண்டே வந்தன, அவ்வளவே. உர விற்பனையையும் உற்பத்தியையும் ஆண்டுவாரியாக அடுக்கிக் கெழு போடுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். 1973இல் புள்ளியியலர் ஆன்ஸ்கோம் உருவாக்கிய நான்கு தரவுத் தொகுதிகளுக்கும் கெழு ஒரே 0.816. வரைந்து பார்த்தால் ஒன்றில்தான் ஒழுங்கான நேர்கோட்டுப் போக்கு, ஒன்று வளைகோடு, மற்ற இரண்டையும் ஒற்றைப் புள்ளி திரித்திருக்கிறது.

1960களில் அமெரிக்க வேளாண் துறையின் கார்ல் நோரிஸ் வளர்த்தெடுத்த அண்மை அகச்சிவப்பு முறை, தானியம் ஒளியை உறிஞ்சும் அளவை அதன் ஈரம், புரதம், எண்ணெய் ஆகியவற்றோடு ஒட்டுறவால் இணைக்கிறது. 1975இல் கனடாவின் தானிய ஆணையம் கோதுமைப் புரதத்தை அளக்க, அமிலத்தில் கொதிக்கவைக்கும் கெல்டால் முறைக்குப் பதிலாக இதை ஏற்றது. ஒரு நிமிடத்துக்குள் விடை, அமிலக் கழிவும் இல்லை. ஆனால் புதிய ரகமோ புதிய பருவத்தின் அறுவடையோ வந்தால் பழைய கோடு விலகக்கூடும். அதனால் இந்தக் கருவிகளை நம்பும் ஆய்வகங்கள் அவ்வப்போது சில மாதிரிகளை வேதிமுறையிலும் சோதித்து, கோட்டைத் திருத்திக்கொள்கின்றன.