வாழைப்பழ வண்டியிலிருந்து ஈயின் மூளை வரை

அத்திப்பட்டு ரயில் நிலையத்தருகே வாழைப்பழ வண்டி வெயிலில் நின்றால், அடியில் நசுங்கிய பழங்களின் தோல் மாலைக்குள் கறுத்துவிடும். அந்தக் கறுப்பில் பெரும்பங்கு டோபமைனுடையது. வாழைத்தோலில் அது ஏராளம். நசுங்கிக் காற்றுப் பட்டதும் ஒரு நொதி அதைக் கறுக்கச் செய்கிறது. வாடைக்கு வந்து மொய்க்கும் பழ ஈ தனக்கு வேண்டிய டோபமைனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. புளிக்கும் பழத்தில் பெருகும் ஈஸ்ட்தான் அதற்குச் சாப்பாடு. அந்த ஈஸ்டின் புரதத்தோடு ஈயின் உடலுக்குள் நுழையும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் கதை இது.

இரண்டே படிகளில் டைரோசின் டோபாவாகி, டோபமைனாகிறது. அதில் ஒரு பங்கு தோலுக்கு. கூட்டிலிருந்து வெளுத்து, மெத்தென்று வெளிவரும் ஈயின் மேலோடு சில மணி நேரத்தில் இறுகி நிறமேறுவது இதனால்தான். மூளையில் சுமார் 1.4 லட்சம் நரம்பணுக்கள் இருந்தும், டோபமைன் செய்பவை சில நூறுதான்.

அந்தச் சில நூறை நம்பித்தான் பறப்பே இருக்கிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கைத்தி ஹசன் குழு, ஈ கூட்டுக்குள் இருக்கும்போதே இந்த அணுக்களுக்குள் கால்சியம் நுழையும் ஒரு வாசலை அடைத்தது. 2015இல் முடிவு வெளியானது. டைரோசினை டோபாவாக்கும் நொதி குறைந்துபோயிருந்தது. ஈயின் கழுத்தை நகப்பூச்சால் மெல்லிய கம்பியில் ஒட்டி, மெதுவாக ஊதிப் பார்ப்பார்கள். நல்ல ஈ நிமிடக்கணக்கில் சிறகடிக்கும். இவற்றால் அப்படித் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இறக்கையை யாரும் தொடவேயில்லை.

வேலை முடிந்த டோபமைனை அணு திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அந்த உறிஞ்சு புரதம் பழுதான ஈக்கள் சரியாகத் தூங்குவதேயில்லை என்று 2005இல் கசுஹிகோ குமே குழு காட்டியது. டோபமைன் என்றாலே இன்பம் என்று இன்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அது அரைகுறைப் பேச்சாகவே படுகிறது. ஒரு வாசனையோடு சர்க்கரை கொடுத்தால் ஈ அந்த வாசனையை நாடும். மின்னதிர்ச்சி கொடுத்தால் விலகும். இரண்டையும் நினைவில் பதிப்பது டோபமைன்தான், வெவ்வேறு அணுக்களிலிருந்து.

தோலும் மூளையும் மறுபடி சந்திக்கும் இடம் எபனி என்ற மரபணு. டோபமைனோடு பீட்டா அலனைனைச் சேர்த்து அதை அடக்குவது இதன் வேலை. கல்லூரி மரபியல் ஆய்வகங்களில் மாணவர்கள் பார்க்கும் கறுத்த ஈ, இந்த மரபணு கெட்டுப்போனது. மிஞ்சும் டோபமைன் அதன் உடலைக் கறுப்பாக்குகிறது. அதே ஈயின் அன்றாட நடமாட்டமும் நேரம் தவறிப்போகிறது.