டிஜிட்டல் ரேடியோ ஸ்கேனர்: ஃபாரின் நண்பரிடம் வாங்கி வரச் சொல்லும் முன்

யூடியூப் வீடியோவில் ஒருவர் கையடக்கக் கருவி ஒன்றை ஆன் செய்து, தன் ஊரின் பின்கோடைத் தட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என வரிசையாகக் குரல்கள் வருகின்றன. 'அட, நம்மளும் ஒண்ணு வாங்கலாமே' என்று தோன்றும். அமெரிக்காவில் இருந்து நண்பர் வேற அடுத்த மாசம் வர்றார். கொஞ்சம் பொறுங்க.

இந்த வீடியோக்களில் அடிக்கடி தலைகாட்டுவது யூனிடன் நிறுவனத்தின் எஸ்டிஎஸ்100. விலை சுமார் 700 டாலர். பின்கோடு வித்தைக்குக் காரணம், உள்ளேயே ஏற்றப்பட்டிருக்கும் அலைவரிசைப் பட்டியல். அது அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உரியது. நம் ஊர் பின்கோடு அதற்குத் தெரியாது.

எல்லா டிஜிட்டலும் ஒன்றா?

இல்லை. ஆரம்பத்தில் பலரும் சறுக்குவது இங்கேதான். டிஜிட்டல் வயர்லெஸ்ஸில் குரல் எண்களாக மாற்றப்பட்டுப் போகிறது. மாற்றும் முறை ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் வேறு. அமெரிக்கப் போலீஸில் பரவலாக இருப்பது பி25. டெல்லி மெட்ரோ பயன்படுத்துவது டெட்ரா. எஸ்டிஎஸ்100க்கு டெட்ரா புரியாது. டிஎம்ஆர் புரியும், ஆனால் அதற்குத் தனியாகப் பணம் கட்டணும்.

முறை பொருந்தினாலும், உரையாடல் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் கதை முடிந்தது. சாவி இல்லாமல் எந்த ஸ்கேனரும் அதைத் திறக்காது. நியூயார்க் போலீஸே 2023 முதல் அந்தப் பக்கம் நகரத் தொடங்கிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

விலையைவிட இதுதான் பெரிய விஷயம். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-ன் 42-வது பிரிவு, 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கிறது. பிறருடைய தகவலைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'சும்மா கேட்டேன் சார்' என்பதை நம்பி 700 டாலர் போடாதீங்க. கருவிகள் மீதும் கண் இருக்கிறது: விதிமீறி வாக்கி டாக்கி விற்ற ஆன்லைன் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் நோட்டீஸ் அனுப்பியது.

அப்போ எதில் தொடங்குவது?

முதல் வாரம் ஒரு ரூபாய்கூட வேண்டாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவரை பிரவுசரிலேயே திருப்பலாம். ஷார்ட்வேவ் ஒலிபரப்புகள், ஹாம் ரேடியோக்காரர்களின் அரட்டை எல்லாம் அதில் கேட்கும். இரண்டு நாளில் போரடித்தால், பணம் மிச்சம்.

ஆர்வம் குறையவில்லை என்றால் அடுத்தது ஆர்டிஎல்-எஸ்டிஆர். டிவி பார்க்கத் தயாரான ஒரு சிப்பை வைத்து உருவான, பென்டிரைவ் அளவு ரிசீவர் இது. லேப்டாப்பில் செருகி, எஸ்டிஆர் ஷார்ப் போன்ற இலவச மென்பொருளில் இயக்கலாம். நல்ல மாடலே 40 டாலர் சுற்றில்தான். மலிவான கருவி என்பதால் சட்டம் தளராது. பொதுவில் கேட்பதற்காகவே அனுப்பப்படும் சிக்னல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதிலேயே விஷயம் நிறைய இருக்கிறது. எஃப்எம் இருக்கிறது, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம் உரையாடல்கள் இருக்கின்றன. சர்வதேச விண்வெளி நிலையம் சில நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை அனுப்பும். பதிலுக்கு நீங்களும் பேச வேண்டும் என்றால் தேர்வு எழுதி ஹாம் உரிமம் வாங்கணும். 12 வயது ஆகியிருந்தால் போதும்.

எனக்குப் பிடித்தது ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வானிலை செயற்கைக்கோள்கள். தலைக்கு மேல் கடக்கும்போது 137 மெகாஹெர்ட்ஸில் மேகப் படத்தை டிஜிட்டலாக அனுப்பும். சாட்டம்ப் மென்பொருள் அதைப் படமாக்கித் தரும். பழைய வழிகாட்டிகள் நோவா-15, 18, 19 பெயரைச் சொல்லும். தேடாதீங்க, மூன்றும் 2025-ல் நிறுத்தப்பட்டுவிட்டன.

ஆன்டெனாவுக்கு இரண்டு கம்பி போதும். ஒவ்வொன்றும் சுமார் 53 செ.மீ., நடுவில் 120 டிகிரி கோணம், தரைக்கு இணையாக. வீட்டுக்குள் வேண்டாம், எல்இடி பல்பும் சார்ஜரும் போடும் இரைச்சலில் சிக்னல் காணாமல் போய்விடும். மொட்டைமாடிக்குப் போங்க.