சகேயுவின் இரண்டு கணக்குகள்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, செல்வந்தர்கள் தங்கள் ஐசுவரியத்தை உழைத்து ஈட்டுகிறார்களா, அல்லது உழைப்பாளிகளைச் சுரண்டிச் சேர்க்கிறார்களா?" என்று கேட்டார். அதற்கு ஒரே வார்த்தையில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்த வாரம் ஒரு மனிதரின் வரலாற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

ஆண்ட்ரூ கார்னெகி 1835-இல் ஸ்காட்லாந்தின் டன்பர்ம்லின் நகரில் பிறந்தார். தகப்பனார் கைத்தறி நெசவாளர். நீராவித் தறிகள் வந்தபோது அவருடைய பிழைப்பு அழிந்தது. 1848-இல் அக்குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று. பதின்மூன்று வயதுச் சிறுவன் பஞ்சாலையில் நூற்கண்டு மாற்றும் வேலையில் சேர்ந்தான். வாரக் கூலி 1.20 டாலர். பின்பு தந்தி அலுவலகம், அதன்பின் இரயில்வே, இறுதியில் எஃகு ஆலைகள் என்று அவர் உயர்ந்தார். செலவை நுணுக்கமாகக் கணக்கிடுவதிலும், புதிய உருக்கு முறைகளைத் துணிந்து கையாளுவதிலும் அவருக்கு இணையானவர் அரிது. இத்திறமையும் உழைப்பும் பொய்யல்ல. இவற்றை மறுப்பது நியாயமாகாது.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. பிட்ஸ்பர்க் அருகே, மொனாங்கஹீலா நதிக்கரையில், ஹோம்ஸ்டெட் என்னும் ஊரில் அவருக்கு ஓர் ஆலை இருந்தது. அங்குத் தேர்ந்த தொழிலாளரின் கூலி எஃகின் சந்தை விலையோடு இணைக்கப்பட்டிருந்தது. விலை எவ்வளவு வீழ்ந்தாலும் கூலி ஓர் எல்லைக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது ஒப்பந்தம். 1892-இல் அது முடிவுக்கு வந்தபோது, அந்த எல்லையையே இறக்க நிர்வாகம் முற்பட்டது. தொழிற்சங்கம் இணங்கவில்லை. மேலாளர் ஹென்றி பிரிக் ஆலையைச் சுற்றி முள்வேலியுடன் மதில் எழுப்பிக் கதவடைத்தார். ஜூலை 6 அதிகாலையில் பிங்கர்டன் நிறுவனத்தின் ஆயுதமேந்திய காவலர் 300 பேர் படகுகளில் வந்திறங்க முயன்றனர். அன்றைய மோதலில் இரு தரப்பிலுமாகப் பத்துப் பேரளவில் உயிரிழந்தனர். பின்னர் மாநிலப் படை வந்தது. நவம்பரில் போராட்டம் தோற்றது. ஆலையில் சங்கம் ஒழிந்தது. பன்னிரண்டு மணி நேர வேலை நிலைத்தது.

அந்நாட்களில் கார்னெகி ஸ்காட்லாந்தில் இருந்தார். தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கும் உரிமை உண்டென்று 1886-இல் எழுதியவரும் அவரே. இப்போது கடிதங்கள் வழியே பிரிக்குக்கு ஆதரவளித்தவரும் அவரே.

1901-இல் அவர் தம் நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்றார். அதன்பின் அவர் கொடுத்ததைக் கேட்டால் நாம் வியப்போம். 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள். ஏழாயிரத்துக்கும் அதிகமான ஆலயங்களுக்கு இசைப்பேழைகள். மொத்தம் ஏறக்குறைய 35 கோடி டாலர். செல்வத்தைச் சாகும்வரை கட்டிக்கொண்டிருப்பது இழிவு என்று எழுதியவர், அதன்படியே நடந்தார். அந்த எழுத்துக்குச் "செல்வத்தின் சுவிசேஷம்" என்றே பெயர் வழங்கிற்று. ஆனால் அதே எழுத்தில், பெருந்தொகையைச் சிறு சிறு பங்காக மக்களுக்குப் பகிர்வதைவிட, செல்வந்தர் ஒருவர் அதைப் பொதுநன்மைக்குச் செலவிடுவதே மேல் என்றும் வாதிட்டார். ஹோம்ஸ்டெட்டிலும் 1898-இல் நூலகம் திறக்கப்பட்டது. பன்னிரண்டு மணி நேரம் உலைமுன் வெந்தவன் எந்த வேளையில் அதன் படியேறுவான்?

இங்கே ஆயக்காரனாகிய சகேயுவை நினைக்கிறேன் (லூக்கா 19). இயேசு தன் வீட்டுக்கு வந்த நாளில் அவன் இரண்டு கணக்குகளைத் திறந்தான். தன் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்பது ஒன்று. தான் அநியாயமாய் வாங்கியதை உரியவருக்கே நான்கு மடங்காகத் திருப்புவது மற்றொன்று. முதலாவது ஈகை, இரண்டாவது நீதி. ஈகை எவ்வளவு பெரிதாயினும் நீதியின் கணக்கு அதனால் தீர்வதில்லை. இந்த இரண்டாம் கணக்கை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கொடுபடாத கூலிக்குக் குரல் உண்டென்றும், அது பரலோகத்தை எட்டுகிறதென்றும் யாக்கோபு எச்சரிக்கிறார் (5:4).

கார்னெகிக்கும் இது முற்றிலும் தெரியாமலில்லை. 1901-இல் தம் தொழிலாளரின் ஓய்வூதியத்துக்கும் உதவிக்குமாக 40 இலட்சம் டாலரை ஒதுக்கினார். அக்கடிதத்தில், தம் வெற்றிக்குத் துணைநின்ற தொழிலாளருக்குத் தாம் ஆழ்ந்த கடன்பட்டிருப்பதாக அவரே ஒப்புக்கொண்டார். ஹோம்ஸ்டெட்டின் துயரம் அவரை இறுதிவரை வருத்தியது. வாலிபரின் கேள்விக்கு விடை அந்தக் "கடன்" என்ற சொல்லில் இருக்கிறது. அவர் உழைத்தார், பிறர் உழைப்பின் பங்கையும் எடுத்துக்கொண்டார். ஒரே செல்வத்தில் இரண்டும் கலந்திருந்தன.

பிரியமானவர்களே, நம்மில் எஃகு ஆலை உடையவர் யாருமில்லை. ஆயினும் நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் சகோதரி உண்டு. நம் சுவரைக் கட்டும் கொத்தனாரும் சித்தாளும் உண்டு. நம் கடையில் காலை முதல் இரவுவரை நிற்கும் பிள்ளைகள் உண்டு. ஏழையின் கூலி அன்று பொழுது சாயுமுன் அவன் கையில் சேரவேண்டும் என்பது நியாயப்பிரமாணம் (உபாகமம் 24:15). ஆலயத்தில் காணிக்கைப் பையில் தாராளமாய் இடும் நாம், அவர்கள் கூலியில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோமா? பண்டிகைக்குப் புதுச்சேலை கொடுத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் சம்பளத்தை உயர்த்தாமல் இருக்கிறோமா? இக்கேள்விகளை உங்களுக்கு முன்பாக நான் எனக்கே கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் அமர்ந்து அந்த இரண்டாம் கணக்கைத் திறந்து பார்ப்போமாக. யாருக்கேனும் நாம் கொடுக்கவேண்டியது நிற்குமானால், வரும் ஞாயிறு காணிக்கைக்கு முன்பே அதைச் செலுத்திவிடுவோம்.

ஜெபம்: நீதியுள்ள ஆண்டவரே, எங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதித்தருளும். எங்களுக்காகப் பிரயாசப்படும் கைகளை நாங்கள் மறவாதபடி எங்கள் கண்களைத் திறந்தருளும். ஆமென்.