ஒரே 65 வாட், வேறு வேறு சூடு

கணினி அசெம்பிள் செய்யப் பட்டியல் போடும்போது, பட்ஜெட் கையைக் கடிக்கிற நேரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: ப்ராசஸர் பெட்டிக்குள்ளேயே ஒரு கூலர் இருக்கிறதே, அது போதாதா? தாராளமாகப் போதும் என்பது ஒரு கட்சி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கு என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கூலரைப் பார்த்தே பேசுகின்றன. அதற்கு அடியில் இருக்கும் சிப் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. என் கணிப்பில் விடை அங்கேதான் இருக்கிறது.

2022-இல் வெளிவந்த இரண்டு ப்ராசஸர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஏஎம்டியின் ரைசன் 5 5600, ஆறு கோர். மற்றொன்று இன்டெல்லின் கோர் ஐ7-12700. எட்டுப் பெரிய கோர், நான்கு சிறிய கோர். முதலாவதன் பெட்டியில் ரெய்த் ஸ்டெல்த் என்ற கூலர் இருக்கும், இரண்டாவதில் லேமினார் ஆர்எம்1. இரண்டும் ஏறக்குறைய ஒரே வகை: தட்டையான அலுமினியத் துடுப்புகள், மேலே கீழ்நோக்கி ஊதும் சிறிய ஃபேன், அடியில் முன்கூட்டியே தடவப்பட்ட பேஸ்ட். ஹீட்பைப் இரண்டிலும் கிடையாது. இரண்டு ப்ராசஸரின் விவரக்குறிப்பிலும் முதலில் கண்ணில் படுவது ஒரே எண்: 65 வாட்.

அந்த எண்ணை நம்பி வாங்குபவர்தான் ஏமாறுகிறார். 5600 எவ்வளவு முக்கினாலும், ஏஎம்டி அதற்கு வைத்திருக்கும் வரம்பு 76 வாட். 12700-க்கு 65 என்பது அடிப்படை அளவு மட்டும். அதற்குக் கீழே டர்போவின் உச்சமாக 180 வாட் என்று இன்டெல்லே போட்டிருக்கிறது. அந்த உச்சத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை மதர்போர்டு முடிவு செய்கிறது. பல மதர்போர்டுகள் அந்தக் கடிவாளத்தைத் தளர்த்தியே கடைக்கு வருகின்றன.

ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஒவ்வொரு வாட்டுக்கும் சிப்பின் வெப்பம் அறை வெப்பத்தைவிட இவ்வளவு ஏறும் என்று ஒவ்வொரு கூலருக்கும் ஒரு அளவு உண்டு. ஒரு பேச்சுக்கு, வாட்டுக்கு அரை டிகிரி என்று வையுங்கள். 76 வாட்டுக்கு 38 டிகிரி ஏறும். 25 டிகிரி அறையில் சிப் 63-இல் நிற்கும். நிம்மதியான நிலை. அதே கூலரை 180 வாட்டின் மேல் வைத்தால் 90 டிகிரி ஏற வேண்டும், அதாவது 115. அங்கே போகவே முடியாது. 100 டிகிரியைத் தொட்டதும் 12700 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சிப் கருகாது, கணினியும் அணையாது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு மட்டும் கைக்கு வராமலே போகும். எதுவும் பழுதாகாததால் வாங்கியவருக்கு அது தெரிவதும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

நம் ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். யூடியூபில் பார்க்கும் கூலர் சோதனைகளில் பெரும்பாலானவை 20, 25 டிகிரி அறையில் நடப்பவை. சென்னையில் மே மாத மத்தியானம், ஏசி இல்லாத அறையில் 35-க்கு மேல் சர்வசாதாரணம். அந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரி அப்படியே சிப்பின் மேல் வந்து உட்காரும். 5600-க்கு அது 63-ஐ 75 ஆக்கும், தாங்கிக்கொள்ளும். 12700-க்கோ தாங்க இடமே இல்லை.

ஆனால் எந்நேரமும் யாரும் 180 வாட் இழுப்பதில்லை. பிரவுசர், எக்செல், டேலி, ஆன்லைன் வகுப்பு என்று ஓடும் கணினியில் 12700-கூட ஆர்எம்1-இன் கீழ் அமைதியாகவே இருக்கும். கேம் ஆடும்போதும் எல்லாக் கோர்களும் ஒருசேர உழைப்பது அரிது. சுமை பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் விழுகிறது. மாட்டிக்கொள்பவர்கள் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், பிளெண்டரில் ரெண்டர் போடுபவர்கள், பெரிய புரோகிராம்களைக் கம்பைல் செய்பவர்கள். ஐ7 வாங்குபவர்களில் கணிசமானோர் அவர்கள்தான். யாருக்கு நல்ல கூலர் தேவையோ அவர் கையிலேயே சின்னக் கூலர் கொடுக்கப்படுகிறது.

கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. 2015-இல் ஐ7-6700கே வந்தபோதே இன்டெல் அதன் பெட்டியிலிருந்து கூலரை எடுத்துவிட்டது. 2020-இல் ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸுக்குக் கூலர் தரவில்லை. அது நேர்மையான முடிவு. வாங்குபவர் தானே ஒன்றைத் தேடிக்கொள்வார். 2019-இல் ரைசன் 7 3700எக்ஸோடு ஏஎம்டி கொடுத்த ரெய்த் பிரிசம் இன்னும் நல்ல முன்மாதிரி: செம்பு ஹீட்பைப் வைத்தது, எட்டுக் கோர் சிப்புக்குப் பொருத்தமானது.

சத்தத்தில் ஸ்டெல்த், ஆர்எம்1 இரண்டுமே தோற்கின்றன. சின்ன ஃபேன் போதிய காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றியாக வேண்டும். ஆர்எம்1 முழு மூச்சில் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டும். நான்கு ஹீட்பைப்பும் 120 மி.மீ. ஃபேனும் உள்ள சாதாரண டவர் கூலர் அதே வேலையை ஏறக்குறைய பாதி வேகத்தில் முடிக்கும். ஆனால் டவர் கூலரின் காற்று பக்கவாட்டில் போய்விடும். பெட்டிக் கூலர் கீழ்நோக்கி ஊதுவதால் சாக்கெட்டைச் சுற்றியுள்ள, ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் மீதும் காற்று படும். விஆர்எம்முக்கு ஹீட்சிங்க் இல்லாத மலிவு மதர்போர்டில் இது சின்ன விஷயம் இல்லை.

பொருத்தும் விதத்தில் நான் ஸ்டெல்த் பக்கம். அது நான்கு திருகுகளால் மதர்போர்டின் பின்தகட்டோடு இறுக்கமாகச் சேர்கிறது. ஏஎம்4 போர்டில் முதலில் பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றும்போது பின்தகடு கீழே விழாமல் கையால் பிடித்துக்கொண்டால் போதும். ஆர்எம்1-இல் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள். எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். அழுத்தும்போது போர்டு வளைவது கண்ணுக்கே தெரியும். நான்கும் 'டக்' என்று உட்கார்ந்தது போலத் தோன்றும். போர்டைத் திருப்பிப் பார்த்தால், ஒரு ஊசியின் கறுப்பு முனை வெள்ளைப் பிளவுக்குள் முழுதாக இறங்காமல் நிற்கும். அந்த மூலையில் அழுத்தம் குறைந்து, பேஸ்ட் சரியாகப் பரவாது. கேபினட்டுக்குள் போர்டை வைப்பதற்கு முன்பே கூலரை மாட்டிப் பின்புறத்தைப் பார்த்துவிடுவதுதான் இதற்கு வழி.

ஆகவே 5600 வாங்குபவர், சத்தம் உறுத்தாதவரை, கூலருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். அந்த இரண்டு மூவாயிரம் ரூபாயைக் கூடுதல் ரேமிலோ பெரிய எஸ்எஸ்டியிலோ போடலாம். ரெண்டர் வேலைக்கு 12700 வாங்குபவர் டவர் கூலரையும் சேர்த்தே விலை பார்க்க வேண்டும். அதற்குப் பணம் இடிக்கிறது என்றால் ஒரு படி கீழே இறங்கி ஐ5-12400 வாங்கலாம். அதன் உச்சம் 117 வாட்.

12700-ஐ ஏற்கெனவே ஆர்எம்1-ஓடு மாட்டிவிட்டவருக்கும் ஒரு வழி உண்டு. எம்எஸ்ஐ மதர்போர்டுகள் பல, என்ன கூலர் போட்டிருக்கிறாய் என்று பயாஸிலேயே கேட்கின்றன: பெட்டிக் கூலரா, டவரா, வாட்டர் கூலரா என்று. அந்தப் பதிலை வைத்தே மின்சார வரம்பு அமையும். வாட்டர் கூலருக்கான வரம்பு 4,096 வாட், அதாவது வரம்பே இல்லை. பெட்டிக் கூலர் மாட்டியவர் பெட்டிக் கூலர் என்றே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற போர்டுகளில் பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு வரம்புகளையும் கையாலேயே 90, 100 வாட் அளவுக்கு இறக்கலாம். ரெண்டர் முடியக் கொஞ்சம் நேரம் கூடும். ஆனால் வாட்டைக் குறைக்கிற அளவுக்கு வேகம் குறைவதில்லை. கடைசி எண்பது வாட் கொண்டுவருவது சூட்டை அதிகமாகவும் வேகத்தைக் குறைவாகவும்தான்.