ஓசையின்றி வளரும் நாட்பட்ட சிறுநீரக நோய்: உடலில் நிகழ்வது என்ன, முன்கூட்டியே கண்டறிவது எப்படி?

சிறுநீரகங்கள் தம் திறனில் பாதியை இழந்த பின்னரும் வலியோ வேறு அறிகுறியோ காட்டாமல் இயங்கக்கூடியவை. இதனாலேயே இந்தியாவில் நோயாளிகள் பலர், டயாலிசிஸ் தேவைப்படும் கட்டத்தில்தான் முதன்முறையாகச் சிறுநீரக மருத்துவரை அணுகுகின்றனர். ஆனால், இரண்டு எளிய பரிசோதனைகள் இந்நோயைப் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிடும்.

சிறுநீரகத்தின் பணி

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் உள்ளன. இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதன் பெரும்பகுதி மீண்டும் ரத்தத்தில் சேர, ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை சிறுநீராக வெளியேறுகிறது. அழிந்த நெஃப்ரான்கள் மீண்டும் உருவாவதில்லை. எஞ்சியவை அவற்றின் சுமையையும் ஏற்பதால் குறைபாடு தொடக்கத்தில் வெளியே தெரிவதில்லை. நாளடைவில் அந்தக் கூடுதல் சுமையே அவற்றையும் சிதைக்கிறது.

ஐந்து நிலைகள்

சிறுநீரகப் பாதிப்போ, வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மி.லி.க்குக் கீழ் குறைந்த நிலையோ 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படுகிறது. வடிகட்டும் திறனைக் கொண்டு இந்நோய் ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. திறன் 15-க்குக் கீழ் குறைவது ஐந்தாம் நிலை, அதாவது சிறுநீரகச் செயலிழப்பு ஆகும்.

உடலில் ஏற்படும் விளைவுகள்

ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன் குறைவதால் ரத்தசோகையும் சோர்வும் ஏற்படுகின்றன. வைட்டமின் டி செயல்வடிவம் பெறாததாலும், பாஸ்பரஸ் தேங்குவதாலும் எலும்புகள் வலுவிழக்கின்றன. உப்பும் நீரும் தேங்குவதால் கால் வீக்கமும் உயர் ரத்த அழுத்தமும் உண்டாகின்றன. பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத்துடிப்பு சீர்குலைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் கட்டத்தை எட்டும் முன்பே இதய நோயால் உயிரிழக்கின்றனர்.

காரணங்களும் உத்தானம் புதிரும்

நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் இந்நோயின் முதன்மைக் காரணங்கள். மருத்துவர் ஆலோசனையின்றி வலி நிவாரணி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வது, சிறுநீரகக் கற்கள், பரம்பரை நோய்கள் ஆகியவையும் காரணமாகலாம்.

ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் தென்னையும் முந்திரியும் செழித்து வளரும் உத்தானம் பகுதியில் நிலைமை வேறு. அங்கு நீரிழிவோ உயர் ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயத் தொழிலாளர்களும் பெருமளவில் பாதிக்கப்பட்டுள்ளனர். குடிநீர், கடும் வெயில் உழைப்பால் நேரும் நீரிழப்பு, பூச்சிக்கொல்லிகள், மரபணுக் கூறுகள் என ஆய்வுகள் பலவற்றை ஆராய்ந்தபோதிலும், ஒற்றைக் காரணம் எதுவும் உறுதிப்படவில்லை. இப்பகுதி மக்களுக்காக 2023 டிசம்பரில் பலாசாவில் 200 படுக்கைகள் கொண்ட சிறப்பு மருத்துவமனையும் சிறுநீரக ஆய்வு மையமும் திறக்கப்பட்டன.

இரண்டு பரிசோதனைகள்

ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைக் கொண்டு வடிகட்டும் திறன் கணக்கிடப்படுகிறது. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பது மற்றொரு பரிசோதனை. கிரியேட்டினின் அளவு இயல்பாக இருக்கும்போதே அல்புமின் கசிவு தொடங்கிவிடக்கூடும் என்பதால், ஒன்றை மட்டும் செய்துகொள்வது போதாது. நீரிழிவு அல்லது உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவ்விரண்டையும் செய்துகொள்வது அவசியம். குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள், வலி நிவாரணிகளை நெடுங்காலம் உட்கொண்டவர்கள் ஆகியோரும் மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்டறியலாம்.

சிகிச்சை

இழந்த திறனைப் பெரும்பாலும் மீட்க இயலாது; எஞ்சியதைக் காப்பதே சிகிச்சையின் நோக்கம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் குறைத்தல், புகைபிடிப்பதைக் கைவிடுதல் ஆகியவை அடிப்படை. டபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் நோயின் வேகத்தைக் குறைப்பதும் ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது.

இறுதி நிலையில் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும். ரத்த டயாலிசிஸ் வழக்கமாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் செய்யப்படுகிறது. பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்கீழ் 2016 முதல் மாவட்ட மருத்துவமனைகளில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு இச்சேவை இலவசமாக வழங்கப்படுகிறது. எனினும், சிகிச்சைக் கட்டணம் இல்லாவிடினும், பயணச் செலவும் வாரத்தில் 3 நாள் வருமான இழப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும் சுமையே. அந்தக் கட்டத்தைத் தவிர்க்கவோ பல ஆண்டுகள் தள்ளிப்போடவோ உதவும் முதல் படி, உரிய காலத்தில் செய்துகொள்ளும் அவ்விரு பரிசோதனைகளே.