பார்க்கின்சன் நோய்

பார்க்கின்சன் நோய் (நடுக்குவாதம்) என்பது நடுமூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் உண்டாகும் இயக்கக் கோளாறு. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை விவரித்தார். முதுமையில் கை நடுங்குவது இயல்புதானே என்ற எண்ணம் நோயறிதலைத் தாமதப்படுத்துகிறது. நடுக்கமே இல்லாதவர்களும் உண்டு. அசைவு மந்தமாவதே மைய அறிகுறி. தசையிறுக்கம், கையெழுத்து சிறுத்தல், மணம் அறியாமை, மலச்சிக்கல் ஆகியவையும் காணப்படும், சில நடுக்கத்துக்கு முன்பே.

முழுக் குணம் இல்லாத நோய்க்கு மருத்துவம் எதற்கு என்ற கேள்வி எழலாம். லெவோடோபா என்னும் மருந்து நோயை நிறுத்தாது. ஆயினும் நடக்கவும் தானே உண்ணவும் பல ஆண்டுகள் துணைநிற்கும். பூனைக்காலி விதையிலிருந்து இப்பொருளைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாமோதரனும் ராமசாமியும் 1937இல் பிரித்தனர். அதற்காக விதைப்பொடியை மாத்திரைக்கு மாற்றாகக் கொள்வது தவறு: பொடிக்குப் பொடி லெவோடோபாவின் அளவு மாறும். புரதம் மிகுந்த உணவுடன் விழுங்கினால் மாத்திரையின் பயனும் குறையக்கூடும்.

மருந்தைப் போலவே உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் முக்கியம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இந்நோயை இயலாமையாக ஏற்கிறது. உரிய சான்றிதழ் பெற்றோர் அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஈரோடு மாவட்டப் பெருந்துறை வட்டாரத்தினருக்கு, சிகிச்சையைத் தொடங்க அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலுள்ள இடம்.