இலைக்கு ஒரு நீதி, பூவுக்கு ஒரு நீதி: இந்தியக் கஞ்சாச் சட்டத்தின் வரலாறு

வாரணாசியில் மாநில அரசின் உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சாச் செடியின் இலையை அரைத்துச் செய்த பாங்கு உருண்டை வெளிப்படையாக விற்கப்படுகிறது. அதே செடியின் பூவை ஒரு பொட்டலம் வைத்திருப்பவர் கைதாகிறார். மருத்துவ ஆராய்ச்சி எதுவும் இந்த வேறுபாட்டை வகுத்துத் தரவில்லை. வரி நிர்வாகமும் பன்னாட்டு உடன்படிக்கைகளும் சேர்ந்து விட்டுச்சென்ற தடம் இது. சொந்தப் பயன்பாட்டுக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாமா என்று இன்று நடக்கும் விவாதத்தில் இந்த வரலாறு போதிய அளவு பேசப்படுவதில்லை. அதை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1893ஆம் ஆண்டின் கேள்வி

1893 மார்ச் 2 அன்று பிரித்தானிய நாடாளுமன்றத்தில் வில்லியம் கெய்ன் என்ற உறுப்பினர் இந்தியக் கஞ்சா பற்றி ஒரு கேள்வி எழுப்பினார். அவர் மதுவிலக்கு இயக்கத்தில் ஊறியவர்; அபினி வாணிகத்தையும் எதிர்த்தவர். வங்கத்தில் நடக்கும் கஞ்சாச் சாகுபடியும் விற்பனையும் மக்களின் வாழ்வையும் ஒழுக்கத்தையும் எப்படிப் பாதிக்கின்றன, அதைத் தடை செய்வது நல்லதா என்று ஆராய ஓர் ஆணையம் வேண்டும் என்றார். இந்திய அரசு அந்த விசாரணையைப் பிரித்தானிய இந்தியா முழுமைக்கும் விரித்தது. மேக்வொர்த் யங் தலைமையில் எழுவர் கொண்ட ஆணையம் அமைந்தது. அவர்களில் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் மூவாயிரம் பக்கங்களைத் தாண்டிய அறிக்கையை ஆணையம் அளித்தது.

அறிக்கையில் இன்றும் வியப்பூட்டும் பகுதி, மனநோய்க் காப்பகங்களைப் பற்றியது. கஞ்சா குடித்தால் பித்துப் பிடிக்கும் என்பதற்கு அக்காலத்தில் காட்டப்பட்ட பெரிய சான்று காப்பகங்களின் ஆண்டுக் கணக்குதான். அந்தக் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்பதை ஆணையம் தோண்டிப் பார்த்தது. நோயாளியைக் கொண்டுவரும் காவலர்கள் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் நோயின் காரணத்துக்கு ஓர் இடம் உண்டு. ஊர் பேர் தெரியாத ஒருவரைத் தெருவிலிருந்து அழைத்து வந்தவருக்குக் காரணம் எப்படித் தெரியும்? விசாரித்ததில் கஞ்சா பழக்கம் உண்டு என்று யாராவது சொன்னால் போதும், அது காரணமாக ஏறிவிடும். காப்பக மருத்துவர் அதையே பதிவேட்டுக்கு மாற்றுவார். ஆண்டறிக்கை அதைப் புள்ளிவிவரமாக்கும். 1892இல் காப்பகங்களில் சேர்க்கப்பட்ட 1,344 பேரில், கஞ்சாவே காரணம் என்று பதியப்பட்டவர்களின் வரலாற்றை ஆணையம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. கஞ்சாவுக்குப் பங்கு இருந்ததாக நியாயமாகக் கருதக்கூடியவை 98 மட்டுமே என்று கண்டது. அவற்றிலும் 37 பேருக்கு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. ஒரு காலனிய அரசு அமைத்த ஆணையம் அரசின் புள்ளிவிவரத்தையே இப்படிப் பிரித்து மேய்ந்தது சாதாரணக் காரியமன்று.

அளவோடு பயன்படுத்துவதால் குறிப்பிடத்தக்க தீங்கில்லை, மிகையாகப் பயன்படுத்துவது தீங்கு என்று ஆணையம் முடிவு கூறியது. முழுத் தடை தேவையும் இல்லை, உகந்ததும் இல்லை என்றது. தடை விதித்தால் மக்கள் ஊமத்தை, சாராயம் போன்ற கொடிய பொருள்களின் பக்கம் போகக்கூடும் என்று அஞ்சியது. சாகுபடிக்கு உரிமம், கடைக்குக் கட்டுப்பாடு, போதுமான வரி ஆகியவை அது காட்டிய வழி. இந்திய உறுப்பினர்களில் இருவர், ராஜா சசி சேகரேஸ்வர் ராயும் லாலா நிகால் சந்தும், மாறுபட்ட கருத்தைத் தனியே பதிந்தார்கள். அந்த இருவரின் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு அறிக்கையை மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது. ஆணையத்தை அமைத்த அரசின் கருவூலத்துக்கே கஞ்சாவால் வருவாய் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆணையம் சொன்ன கட்டுப்பாட்டுக்கு அன்றைய முன்மாதிரி, இன்று வங்கதேசத்தில் உள்ள நவகாவ் வட்டாரம். அங்கே உரிமம் பெற்ற உழவர் மட்டுமே பயிரிடலாம். ஆண் செடி நிலத்தில் நின்றால் பெண் பூ விதை பிடித்து மதிப்பிழந்துவிடும். அதனால் ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்குவதற்கென்றே கூலிக்குத் தேர்ந்த ஆட்கள் வயல் வயலாகச் சென்றார்கள். விளைச்சல் அரசுக் கிடங்குக்குப் போய் வரி கட்டிய பிறகே வெளியேறும். சென்னை மாகாணத்தில் பயன்பாடு வங்கத்தைவிடக் குறைவு. இங்கே வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையிலும், அன்றைய கிருஷ்ணா மாவட்டத்தின் பாபட்லா வட்டத்திலும் சாகுபடி நடந்தது.

ஜெனீவாவிலிருந்து 1961 வரை

இந்த ஏற்பாட்டின் முடிவு இந்தியாவுக்கு வெளியே தொடங்கியது. ஜெனீவாவில் 1924–25இல் கூடிய அபினி மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி எல் குயிண்டி, கஞ்சாப் பிசினான ஹஷீஷையும் அபினியோடு சேர்த்துக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வாதாடினார். செடி தானாக முளைக்கிறது, சமூக வழக்கமும் சமய வழக்கமும் அதோடு பிணைந்துள்ளன என்று இந்தியத் தரப்பு தயங்கியது. ஆகவே 1925 உடன்படிக்கை பெரும்பாலும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டோடு நின்றது.

உள்நாட்டில் மதுவிலக்கு அரசியல் வலுத்தது. 1937இல் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சென்னை மதுவிலக்குச் சட்டம் மதுவோடு போதை மருந்துகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. கள்ளுக்கடை மறியலின் நினைவு மக்களிடம் பசுமையாக இருந்த காலம் அது. முதலில் சேலத்தில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கள்ளும் சாராயமுமே பேசுபொருளாக இருந்தன. கஞ்சாவைப் பற்றித் தனி விவாதம் எழவில்லை.

தீர்மானமான திருப்பம் 1961இல் ஐ.நா.வின் ஒற்றை உடன்படிக்கையோடு வந்தது. கஞ்சாவை அது மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. ஆயினும் 'கஞ்சா' என்பதற்குப் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள் என்று வரையறை தந்து, நுனியோடு சேராத இலையையும் விதையையும் விலக்கியது. பாங்கு தப்பியது இப்படித்தான். மருத்துவமல்லாத பயன்பாட்டை உடனே நிறுத்த இயலாத நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசமும் கிடைத்தது. உடன்படிக்கை 1964 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததால் கெடு 1989 டிசம்பரில் முடியும். அந்த விலக்கைக் கேட்டுப் பெற்ற நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

1985

கெடு நெருங்கிய நிலையில் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்ட முன்வடிவு 1985 ஆகஸ்ட் 23 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. செப்டம்பர் 16இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1893–94இல் மாதக்கணக்கில் சாட்சி கேட்ட ஒரு பொருளை 1985இல் சில வாரங்களில் முடித்துவிட்டார்கள். ஹெராயின் கடத்தல் அன்று உண்மையான அச்சமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அச்சத்தின் விலையைக் கஞ்சா புகைத்த கூலித் தொழிலாளியும் கொடுக்க நேர்ந்தது.

முதலில் கஞ்சாவுக்கு ஐந்தாண்டு வரை சிறை இருந்தது. 2001இல் செய்த திருத்தம் அளவுக்கேற்பத் தண்டனையைப் பிரித்தது: கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறு அளவு வைத்திருப்பதற்கு இன்று ஓராண்டு வரை கடுங்காவல். புகைத்ததற்கு மட்டும் ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டு. எடையே தலைவிதி என்றாகிவிட்டதால் நீதிமன்றத்தில் வழக்கு செடியின் உறுப்புகளைச் சுற்றியே நடக்கிறது. பூவோடு இலையும் காம்பும் விதையும் சேர்த்துக் காவல்துறை எடை போட்டதா என்ற வாதம் ஜாமீன் மனுக்களில் திரும்பத் திரும்ப எழுகிறது. அறுபதாண்டுக்கு முந்தைய உடன்படிக்கையின் ஒரு வரையறை, இன்று ஒருவர் எத்தனை ஆண்டு உள்ளே இருப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது.

இன்றைய வாதங்கள்

சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 2.8 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 3.1 கோடிப் பேர், முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடியின் ஏதோ ஒரு வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். பாங்கு உண்டோர் சுமார் 2.2 கோடி, கஞ்சாவோ அதன் பிசினான சரஸோ பயன்படுத்தியோர் சுமார் 1.3 கோடி. சிகிச்சையோ உதவியோ தேவைப்படுவோர் ஏறத்தாழ 72 லட்சம். இந்த எண்களில் இரு தரப்புக்கும் இடமிருக்கிறது. நான்கு பேரில் மூவருக்குப் பழக்கம் சிக்கலாகவில்லை என்று ஒருவர் சொல்லலாம். 72 லட்சம் குடும்பங்களின் துயரத்தை மற்றவர் சுட்டலாம்.

1894 அறிக்கையை இன்றைக்கு அப்படியே பொருத்துவோரிடம் நான் உடன்பட முடியாத இடமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. 1995இல் 4 விழுக்காட்டளவில் இருந்தது. 2014இல் 12 விழுக்காட்டை எட்டியது. சுவீடனில் ஏறத்தாழ 45,000 படைவீரர்களைப் பதினைந்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளியானது. இளமையில் ஐம்பது தடவைக்கு மேல் புகைத்தோருக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஆறு மடங்கு இருந்ததாக அது கண்டது. எது காரணம், எது விளைவு என்ற சர்ச்சை தீராவிட்டாலும், பதின்பருவத்தினரைப் பொறுத்தவரை இது எளிதில் தள்ளக்கூடிய செய்தியன்று.

2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவைக் கடும் பட்டியலான நான்காம் பட்டியலிலிருந்து நீக்க வாக்கெடுப்பு நடந்தது. 27க்கு 25 என்று தீர்மானம் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. கனடா 2018இலும் ஜெர்மனி 2024இலும் சொந்தப் பயன்பாட்டை அனுமதித்தன. தாய்லாந்து 2022இல் கட்டவிழ்த்துவிட்டு, மூன்றாண்டு கழித்து மருத்துவர் சீட்டு வேண்டும் என்று திரும்பியது. போதிய விதிகள் இல்லாமல் கடை திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சான்று.

விற்பனையை அனுமதிப்பதும் பயன்படுத்தியவரைச் சிறையில் தள்ளாமலிருப்பதும் இரண்டு வேறு முடிவுகள். போர்ச்சுகல் 2001இல் இரண்டாவதை மட்டும் செய்தது. பத்து நாள் தேவைக்கு மேற்படாத அளவு வைத்திருப்பவரை அங்கே நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் சமூகப் பணியாளரும் மருத்துவரும் இருக்கும் குழுவின் முன் நிறுத்துகிறார்கள். இந்தியா இன்று எடுக்க வேண்டிய அடியும் இதுவே என்பது என் முடிவு. சந்தையைத் திறப்பதற்கான ஆதாரம் நம்மிடம் போதாது. புகைத்தவரைச் சிறையிலடைப்பதற்கான ஆதாரம் 1894இலும் இல்லை, இன்றும் இல்லை. பயன்படுத்தியதற்குத் தண்டனை தரும் 27ஆம் பிரிவிலிருந்தும் சிறு அளவுக்கான தண்டனையிலிருந்தும் சிறையை நீக்குங்கள். சிறைக்குச் செலவாகும் பணத்தை மாவட்ட மருத்துவமனைகளின் போதை மீட்புப் பிரிவுக்குத் திருப்புங்கள். விற்பனையைப் பற்றி முடிவெடுக்கும் முன் நாடாளுமன்றம் சாட்சிகளை அழைத்து, பயிரிட்டவரையும் பயன்படுத்தியவரையும் அவர்களுக்குச் சிகிச்சை அளித்தவரையும் நேரில் கேட்கட்டும்.